ஊதா ஒட்டகச்சிவிங்கியும் இரண்டு காவல்காரர்களும்

தெருவின் இந்த முனையில் ஒரு நாய் குரைத்து, அதற்குப் பதிலாக அந்த முனையில் இன்னொன்று குரைக்கத் தொடங்கினால், மற்றவர்களுக்குத் திருடன் ஞாபகம் வரும். எனக்குக் கம்ப்யூட்டர் ஞாபகம் வரும். இது நோயா என்று தெரியவில்லை. இரண்டு நாய்களும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்தது கிடையாது. ஆனாலும் விடாமல் குரைக்கும். ஏன் குரைக்கிறோம் என்று நடுவில் ஒரு நொடி நிறுத்தி யோசிக்கும்போல் இருக்கும். அப்புறம் மறுபடியும் ஆரம்பிக்கும். அந்த ஒரு நொடி மௌனத்தில்தான் நான் என் இருபத்திரண்டாவது வயதுக்குள் விழுவேன். அங்கே ஒரு மேசை, பெட்டி மாதிரிப் பெருத்த திரை, அதன்மேல் கரிசல் தூசு படியாமல் இருக்க அம்மா கிழித்துக் கொடுத்த பழைய சேலைத் துண்டு. திரையில் ஒரு கட்டம் எழும்பி ‘டிங்’ என்னும். உடனே இன்னொன்று எழும்பி ‘டொங்’ என்னும்.

கோவில்பட்டியில் செல்போன் இன்னும் முதலாளிகளின் சட்டைப்பைகளில் மட்டும் கனத்துக்கொண்டிருந்த காலம். என் தாய்மாமா சங்கரலிங்கம் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். (தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் உள்ளே மின்விசிறியும் கோப்புகளும் இருக்கும் என்று நினைத்து வந்து, தீக்குச்சி மருந்தின் நெடியில் தும்முவார்கள்.) கம்ப்யூட்டர் படித்திருந்த என்னை அங்கே வேலைக்கு வைத்துக்கொண்டார். முதல் நாளே ஒரு நிபந்தனை.

“ஆபீசுல மாமான்னு கூப்பிடாத. எல்லாரும் அண்ணாச்சிங்காவ. நீயும் அண்ணாச்சின்னே சொல்லு. இல்லன்னா பெட்டி ஒட்டுத பிள்ளையெல்லாம் எனக்கு மருமவளாயிரும்.”

என் வேலை, தீப்பெட்டியின் மேல் ஒட்டும் லேபிளைக் கம்ப்யூட்டரில் வரைவது. அப்போது நான் கவிதையும் எழுதிக்கொண்டிருந்தேன். லேபிளில் இருக்கும் மயிலுக்கு ஒரு சோகம் வேண்டும் என்று நான் நம்பினேன். அண்ணாச்சிக்கு மயில் இருந்தால் போதும்.

ஒருநாள் காலை, மூன்று மாதமாக வரைந்த லேபிள்கள் அத்தனையும் காலி. பெயர்கள் அப்படியே இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. கதவு சாத்திய வீட்டுக்குள் ஆள் இல்லாததுபோல. அச்சகத்திலிருந்து வந்த ஒரு பிளாப்பி வட்டு வழியாக வைரஸ் வந்திருக்கிறது.

செய்தி ஆபீஸ் முழுக்கப் பரவியது. பெட்டி ஒட்டும் பெண்களில் மூத்தவரான பேச்சியக்கா பசைக் கையோடு வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

“அது கடிக்குமாட்டி செண்பகம்?”

“கடிக்காதுக்கா. கண்ணுக்கே தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாதத எப்படிப் புடிப்ப?”

உண்மையைச் சொன்னால் அன்று முழுக்க அந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன். அது எங்கே உட்கார்ந்திருக்கும்? மின்சாரம் இல்லாத நேரத்தில் என்ன செய்யும்? அதைப் பிடிக்க வருகிறவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? அண்ணாச்சிக்கு இந்தத் தத்துவமெல்லாம் கிடையாது. அவர் இரண்டு உத்தரவு போட்டார். இனி ஆபீசுக்குள் ஒரு பிளாப்பியும் நுழையக் கூடாது, இங்கிருந்து வெளியேயும் போகக் கூடாது. அப்புறம், “கம்ப்யூட்டருக்கு ஒரு நல்ல காவக்காரனா பாரு. வெளிய இருந்து யாராவது விவரமானவனக் கூப்பிடு.”

காவல்காரர் விஷயத்தில் அண்ணாச்சிக்கு என்று ஒரு முறை இருந்தது. இதைச் சொல்லாமல் கதை நகராது. ஆபீசின் முன்வாசலுக்குக் கயத்தாறு பக்கத்து ஆள். பின்வாசலுக்குப் புதூர் பக்கத்து ஆள். இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. சேர்ந்து டீ குடிக்கக் கூடாது. ஒரே ஊர்க்காரர்களைப் போட்டால் சேர்ந்துகொண்டு குச்சி மூட்டையைக் கடத்திவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. சனிக்கிழமை சம்பளத்தின்போது முன்வாசல்காரர் வந்து, “பின்வாசல்காரன் உறங்குதான் அண்ணாச்சி” என்பார். பின்வாசல்காரர் வந்து, “முன்னால நிக்கவரு பீடி வாங்கப் போயிருதாரு” என்பார். அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி தெரியும். புகார் வராத வாரத்தில்தான் அவருக்குச் சோறு இறங்காது.

மதுரையிலிருந்து முதலில் வந்தவர் ஜெயக்குமார். சித்திரை வெயிலில் டை கட்டி வந்தார். கரிசல் மண் அவருடைய கறுப்பு ஷூவைச் சாம்பல் நிறமாக்கியிருந்தது. பளபளப்பான ஒரு பெட்டியை மேசையில் வைத்து, அதற்குள் இருக்கும் மென்பொருள் எத்தனை வைரஸ்களைப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். அண்ணாச்சி குறுக்கே கேட்டார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“மதுரைங்க.”

“அப்பா என்ன செய்யுதாவ?”

“ரிடையர்டு வாத்தியாருங்க.” ஜெயக்குமார் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

“சரி. இந்தச் சாமான் எப்ப உறங்கும்?”

“உறங்காதுங்க சார். கம்ப்யூட்டர் ஓடுற வரைக்கும் முழிச்சே இருக்கும்.”

“உறங்காத காவக்காரன நான் பாத்ததில்ல தம்பி. எப்பவாவது உறங்கும். எப்பன்னு கேட்டுக்கிட்டு வந்து சொல்லுங்க.”

அடுத்து வந்தவர் தூத்துக்குடி டேனியல். துணிப்பை, ரப்பர் செருப்பு, வேர்வையில் முதுகோடு ஒட்டிய சட்டை. மென்பொருளை ஒரு சாதாரண உறையில் போட்ட சி.டி.யாகக் கொண்டுவந்தார். அதிகம் பேசவில்லை. “மாசாமாசம் புது வைரஸ் வரும் அண்ணாச்சி. நானும் மாசாமாசம் வந்து புதுசா ஏத்தித் தாரேன்” என்றார்.

“அப்ப போன மாசம் வந்தவனத்தான் ஒமக்குத் தெரியும். இன்னைக்கு வாரவனத் தெரியாது.”

“தெரியாதுதான் அண்ணாச்சி” என்றார் டேனியல். அந்த நேர்மை எனக்குப் பிடித்துவிட்டது. ஜெயக்குமாரின் பெட்டி ஏற்கெனவே பிடித்திருந்தது. (பெட்டியில் ஒரு கேடயம் வரைந்திருந்தார்கள். அதன் விளிம்பில் விழுந்த ஒளியைக் கண்டு நான் ஒரு மதியம் முழுக்க வேலை செய்யவில்லை.)

எதை வாங்கலாம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார் அண்ணாச்சி. நான் எழுதினேன். ‘மதுரை, மதில் சூழ்ந்த நகரம்; அதன் காவல் கல்லின் மௌனம். தூத்துக்குடி, உப்புக்காற்று, அதன் காவல் அலையின் விழிப்பு’ என்று தொடங்கி இரண்டு பக்கம். அண்ணாச்சி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“இதுல எத வாங்கணும்னு எங்கன போட்டிருக்கு?”

மானம் போயிற்று. போன மானத்தை உடனே திருப்பிப் பிடிக்க வேண்டும் என்கிற வேகத்தில்தான் அந்த யோசனை என் வாயிலிருந்து வந்தது.

“ரெண்டையும் போட்டிருவோம் அண்ணாச்சி. நம்ம வாசலுக்குப் போட்ட மாதிரி. வேற வேற ஊரு, வேற வேற கம்பெனி. ஒருத்தனுக்கு ஒருத்தனத் தெரியாது.”

அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் முதல்முறையாக நான் தங்கை மகளாக இல்லாமல் ஓர் ஆளாகத் தெரிந்தேன். “சம்சாரத்துக்கிட்டயே சொல்லிருக்கேன், நீ நம்ம ரத்தம்னு” என்றார். எட்டாம் வகுப்புக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அது.

ஜெயக்குமார் வந்து தன்னுடையதைப் போட்டார். “வேற ஏதாவது ஆன்ட்டி வைரஸ் இருக்கா மேடம்?” என்று கேட்டார். “இல்லை” என்றேன். அப்போது இல்லைதானே. டேனியலிடம் சி.டி.யை மட்டும் வாங்கிக்கொண்டு, “நானே போட்டுக்கிடுவேன், ஒங்களுக்கு எதுக்கு அலைச்சல்” என்று அனுப்பிவைத்தேன். இருவரும் ஒருவரையொருவர் அறியக் கூடாதல்லவா.

டேனியலின் மென்பொருளை ஏற்றும்போது திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்தக் கணினியில் ஏற்கெனவே இதேபோல் ஒன்று இருக்கிறது, அதை நீக்கிவிட்டுத் தொடரவும் என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. வந்து நிற்பதற்குள் அவன் இவனைப் பற்றிப் புகார் சொல்கிறான். சனிக்கிழமைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் படிக்கச் சொல்லிக் கேட்டு, “நல்ல ஆளுதான், போடு” என்றார். நீக்காமல் தொடர்ந்தேன்.

கம்ப்யூட்டர் அன்றிலிருந்து கொஞ்சம் மெதுவாகத்தான் எழுந்தது. கனமான காவல் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் தொழில் மந்தம். மழை இறங்கினால் குச்சி காயாது. அதற்குள் ஒரு பெரிய ஆர்டர் கையில் இல்லாவிட்டால் பெட்டி ஒட்டும் பெண்களில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று அண்ணாச்சி சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வடக்கே ஒரு மொத்த வியாபாரிக்காகச் சென்னையிலிருந்து ஓர் ஏஜெண்ட் வருவதாகச் செய்தி வந்தது. காலை ரயிலில் வருவார், லேபிளைப் பார்ப்பார், பிடித்தால் அங்கேயே முடிவு. மாலை ரயிலில் போய்விடுவார். அடுத்த நாள் இன்னொரு ஊரில் இன்னொரு ஆபீஸ்.

வடக்கே யாரும் போடாத மிருகம் வேண்டும் என்றார்கள். நான் ஒட்டகச்சிவிங்கி வரைந்தேன். மஞ்சள் உடம்பு, மண்ணிறத் திட்டு, பின்னால் சிவப்புச் சூரியன். கழுத்து லேபிளுக்குள் அடங்காமல் ஒரு வாரம் அழவைத்தது. கடைசியில் அதைத் திரும்பிப் பார்க்க வைத்தேன். கழுத்தும் அடங்கியது, ஒரு சோகமும் வந்தது. அது இருந்தது அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான். பிளாப்பிக்குத்தான் தடை ஆயிற்றே.

ஏஜெண்ட் வந்த அன்று காலை நான் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

டிங். ‘ஆபத்தான ஒரு நிரல் பிடிபட்டது’ என்றது மதுரை. பிடிபட்டது தூத்துக்குடி. டொங். ‘சந்தேகத்துக்குரிய செயல் தடுக்கப்பட்டது’ என்றது தூத்துக்குடி. தடுக்கப்பட்டது மதுரை. ஒன்றை மூடினால் மற்றது எழும்பியது. அம்புக்குறி நகரவில்லை. அணைத்துப் போட்டேன். மறுபடியும் டிங், டொங். முந்தின நாள்தான் டேனியல் ஒரு புது சி.டி.யை அனுப்பி, ஏற்றும்படி போனில் சொல்லியிருந்தார்; ஏற்றியிருந்தேன். இன்றைக்கு வருகிறவனை அடையாளம் காணும் அளவுக்கு அவருடைய ஆள் தேறிவிட்டான் போலிருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் சனிக்கிழமை வந்துவிட்டது, முடியவே முடியாத சனிக்கிழமை.

இரண்டு பேருக்கும் போன் செய்தேன். நல்லவேளை, இருவருக்கும் பஸ் உடனே கிடைத்தது. அவர்கள் வந்து சேரும் வரைக்கும் ஏஜெண்டைக் கம்ப்யூட்டர் அறையின் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்வது அண்ணாச்சியின் பொறுப்பு. அவர் ஏஜெண்டுக்கு ஆபீசைச் சுற்றிக் காட்டினார். மருந்து முக்குவதைக் காட்டினார். காயவைப்பதைக் காட்டினார். மறுபடியும் மருந்து முக்குவதைக் காட்டினார். கடலைமிட்டாய் கொடுத்தார். வீட்டிலிருந்து சாப்பாடு வரவழைத்தார். பேச்சியக்கா தண்ணீர்ச் செம்போடு என் பக்கம் வந்து, “அந்த மனுசன் வயித்துல இனி எடமில்லட்டி. சீக்கிரம் அந்தப் பூச்சியப் புடி” என்றார். குரலில் கேலி இருந்தது. கண்ணில் இல்லை. ஆர்டர் போனால் முதலில் வீட்டுக்குப் போகிறவர்களில் அவருடைய மகளும் உண்டு என்று இருவருக்குமே தெரியும்.

மதுரை டையும் தூத்துக்குடித் துணிப்பையும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றன.

“இவர் யாரு மேடம்?”

“இவிய யாருக்கா?”

டிங், டொங் என்றது உள்ளே.

ஜெயக்குமார் திரையைக் குனிந்து பார்த்தார். டேனியலும் பார்த்தார். பிறகு இருவரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு அந்தக் கரிசல் பூமி ஏதாவது ஓரிடத்தில் வெடித்து வாய் திறந்திருந்தால் நான் இறங்கிப் போயிருப்பேன். கோடையில் அத்தனை வெடிப்பு விடும் மண், வேண்டிய நேரத்தில் உதவவில்லை.

“ரெண்டையும் சேத்துப் போடக்கூடாதுக்கா” என்றார் டேனியல், நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரலில்.

“அதான் போடும்போதே கேட்டேனே” என்றார் ஜெயக்குமார்.

“அப்ப இல்லையே” என்றேன். எனக்கே அது கேட்கவில்லை.

இனி யாருடையதை நீக்குவது என்பதில் சண்டை. “அவர் அவரோடத எடுக்கட்டும், என்னோடதுதான் முதல்ல வந்தது” என்றார் ஜெயக்குமார். “ஒங்களுது முன்னால வந்தும் என்னத்தப் புடிச்சிது, என்னுதத்தானே புடிச்சிது” என்றார் டேனியல். வெளியே அண்ணாச்சி ஏஜெண்டை மூன்றாவது முறையாக மருந்து ரூமுக்கு அழைத்துப் போகும் சத்தம் கேட்டது. ஏஜெண்ட் கைக்கடிகாரத்தைப் பற்றி ஏதோ சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. “எனக்கு எதுவும் வேண்டாம். அந்த ஒட்டகச்சிவிங்கி ஒண்ணு வெளிய வந்தாப் போதும்” என்றேன்.

இருவரும் சண்டையை நிறுத்தினார்கள். “சேஃப் மோடுல போய்ப் பாக்கலாமா?” என்றார் டேனியல், ஜெயக்குமாரைப் பார்த்து. “அதத்தான் நானும் நினைச்சேன்” என்றார் ஜெயக்குமார், டையைத் தளர்த்திக்கொண்டே. கம்ப்யூட்டர் எழும்போதே ஒரு பொத்தானை அமுக்கினால், மிக அவசியமானவை மட்டும் விழிக்கும் ஒரு நிலை அது. காவல் மென்பொருள்கள் எழாது.

கதவருகே அண்ணாச்சி நின்றிருந்தார். எப்போது வந்தாரோ. “அப்ப உறங்கும்” என்றார் ஜெயக்குமாரிடம். “அன்னைக்கே கேட்டேன்.” அவர் பின்னாலேயே, இனி எந்த ரூமுக்கும் வரமாட்டேன் என்ற முகத்தோடு ஏஜெண்ட்.

காவல்காரர்கள் இருவரும் உறங்கிய அந்த அமைதியில் ஒட்டகச்சிவிங்கி மெல்ல மெல்லத் திரையில் இறங்கியது. முதலில் காது. பிறகு அந்தத் திரும்பிய கழுத்து. அது ஊதா. திட்டுகள் பச்சை. பின்னால் சூரியன் நீலம். சேஃப் மோடில் அத்தியாவசியமான சில நிறங்கள்தான் விழிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

“சார், இது வந்து…” என்று தொடங்கினேன்.

ஏஜெண்ட் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கிட்டே வந்தார். தள்ளி நின்றார். மறுபடியும் கிட்டே வந்தார்.

“மஞ்சள் ஒட்டகச்சிவிங்கி எவன் வேணும்னாலும் போடுவான்” என்றார். “இத ஒரு பய காப்பியடிக்க முடியாது. எங்கிருந்தும்மா பிடிச்ச இந்த நிறத்த?”

மாலை ரயிலுக்கு முன்னால் ஆர்டர் முடிந்தது. அந்த மழைக்காலம் முழுக்க ஆபீஸ் ஓடியது. நான் மட்டும் அடுத்த இரண்டு வாரம், உலகத்தில் இல்லாத அந்த ஊதாவை அச்சுக்குக் கொண்டுவர முடியாமல் திணறினேன். அண்ணாச்சி நான் வரைவதையெல்லாம் பார்த்து, “இது முழிச்சிக்கிட்டிருக்க ஊதா. நமக்கு அந்த உறங்குன ஊதாதான் வேணும்” என்று திருப்பி அனுப்புவார். இதைவிடத் துல்லியமான வண்ண விமர்சனத்தை இன்றுவரை எந்த ஓவியக் கூடத்திலும் நான் கேட்டதில்லை.

லேபிளுக்கு என்ன பெயர் அச்சிட்டோமோ அது யாருக்கும் ஞாபகமில்லை. பேச்சியக்கா வைத்த பெயர்தான் நின்றது: “காவக்காரன் உறங்கும்போது பொறந்த புள்ள.” எங்கள் வீட்டில் இப்போதும் யாராவது புது செல்போனோ லேப்டாப்போ வாங்கினால், பாதுகாப்புக்கு என்ன போடலாம் என்று என்னைத் தவிர எல்லாரையும் கேட்பார்கள். “அம்மாட்டக் கேக்காத, ரெண்டா வாங்கிருவா” என்பான் என் மகன். அண்ணாச்சியின் பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும்போதுகூட, இரண்டு இடம் ஒரே நேரத்தில் வந்தால், செண்பகத்தை உள்ளே அனுப்பிவிட்டுப் பேசுங்கள் என்று என் மாமி சொல்வதுண்டு. ஜெயக்குமாரும் டேனியலும் பிற்பாடு கோவில்பட்டியிலேயே சேர்ந்து ஒரு கடை போட்டார்கள். வருகிறவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வி, ஏற்கெனவே என்ன போட்டிருக்கிறீர்கள் என்பதுதானாம். பதிலை நம்புவதில்லையாம்.

ஆனால் அந்த நட்பு தொடங்கியதை முதலில் கண்டுபிடித்தவர் அண்ணாச்சிதான். அன்று சாயங்காலம் ஏஜெண்டை ரயிலேற்றிவிட்டு வந்து முன்வாசலில் நின்றோம். எதிரே டீக்கடையில் ஜெயக்குமார் டையைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். டேனியல் கடலைமிட்டாயை உடைத்துப் பாதியை அவருக்குக் கொடுத்தார். இருவரும் எதற்கோ சிரித்தார்கள், அனேகமாக எனக்குத்தான். இரண்டு பக்கத்துக்கும் பஸ் வந்தது. ஒருவருக்கு வடக்கே, ஒருவருக்குத் தெற்கே போக வேண்டும். இருவரும் தங்கள் தங்கள் பஸ்ஸை விட்டுவிட்டு இன்னொரு டீ சொன்னார்கள்.

அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு, “போயிட்டு வாரேன் மாமா” என்றேன். ஆபீஸ் வாசல் என்பதை மறந்துவிட்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“ஏட்டி, ரெண்டு பேரும் சிநேகமாயிட்டானுவ, பாத்தியா” என்றார். “நாளைக்கு வேற ஒரு ஊர்ல மூணாவதா ஒருத்தனப் பாரு.”